அசினமாலி: வீட்டுக்காரர் அரசாக இருந்தபோது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குத் தெற்கே லாமான்ட்வில் என்றொரு குடியிருப்பு இருக்கிறது. கறுப்பின மக்களுக்கென்று 1930-களில் நகராட்சி கட்டியது. 1983-இல் அந்த வீடுகள் போர்ட் நேட்டால் நிர்வாக வாரியத்தின் கையில் இருந்தன. வாடகையை உயர்த்தப்போவதாக வாரியம் அறிவித்ததும் கூட்டங்களிலும் ஊர்வலங்களிலும் ஒரே சொல் ஒலித்தது: அசினமாலி. சுலு மொழியில் ‘மாலி’ என்றால் பணம். முன்னொட்டுகளோடு சேர்த்தால், ‘எங்களிடம் பணமில்லை’ என்று பொருள்.

இந்தச் சொல்லைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். நமக்கு ‘வரிகொடா இயக்கம்’ என்ற தொடர் பழக்கமானது. அதில் உள்ள ‘கொடா’ ஒரு முடிவைச் சொல்கிறது: கையில் இருக்கிறது, ஆனால் தர மாட்டோம். அசினமாலி அப்படிச் சொல்லவில்லை. தருவதற்கு ஒன்றும் இல்லை என்கிறது. தென்னாப்பிரிக்காவில் அரசு வீடுகளில் குடியிருந்தவர்கள் 1980-களில் நடத்திய போராட்டத்தை ‘வாடகைப் புறக்கணிப்பு’ என்றே வரலாறு பதிந்துவைத்திருக்கிறது. அன்றைய வெள்ளை அரசு அதை ‘மிரட்டலுக்குப் பணிந்த மறுப்பு’ என்றது. பிறகு வந்த மக்களாட்சி அரசு ‘கட்டாமல் இருக்கும் பழக்கம்’ என்றது. இரண்டு அரசுகளும் அந்தச் சொல்லின் இலக்கணத்தைத் தவறாகவே வாசித்தன என்பது என் எண்ணம். ‘இல்லை’ என்றவர்களை ‘மாட்டேன்’ என்றவர்களாக நடத்தியதன் விலை மிகப் பெரியது.

லாமான்ட்வில்லில் வாடகை உயர்வை முன்னின்று எதிர்த்தவர் ம்சிசி டூபே. அவர் அந்தக் குடியிருப்பு மன்றத்தின் உறுப்பினர். 1983 ஏப்ரல் மாதம் அவர் கொல்லப்பட்டார். அந்த ஆண்டில் சுற்றியிருந்த குடியிருப்புகளும் சேர்ந்து கூட்டு வாடகை நடவடிக்கைக் குழுவை அமைத்தன. ம்போங்கேனி ங்கேமா அந்தச் சொல்லையே தலைப்பாக்கி நாடகம் எழுதினார். நாடகம் உலகம் சுற்றியது.

அரசு எப்படி வீட்டுக்காரர் ஆனது என்று பார்க்காமல் மேலே போனால் ஒன்றும் விளங்காது. வெள்ளையர் நகரம் என்று வரையறுக்கப்பட்ட இடங்களில் கறுப்பினத்தவர் நிலம் வாங்க முடியாது. ஆனால் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் சமையலறைக்கும் அவர்கள் வேண்டும். ஆகவே நகரின் ஓரத்தில், ரயில் போகிற தொலைவில், வாடகை வீடுகள் வரிசை வரிசையாகக் கட்டப்பட்டன. ஜோகன்னஸ்பர்க்கின் ஓரத்திலிருந்த சொவெட்டோவின் நான்கறை வீட்டுக்குத் தீப்பெட்டி வீடு என்றே பெயர். பரப்பு ஏறக்குறைய 40 சதுர மீட்டர், நம் கணக்கில் 430 சதுர அடி. பல வீடுகளில் கழிப்பறை கொல்லையில் இருந்தது. 1968-க்குப் பிறகு ‘தாயகங்கள்’ என்று அரசு ஒதுக்கிய பகுதிகளில்தான் வீடு கட்ட வேண்டும் என்ற கொள்கை வந்தது. நகரக் குடியிருப்புகளில் புதிய வீடு கட்டுவது ஏறத்தாழ நின்றுபோனது. மக்கள் தொகை மட்டும் நிற்கவில்லை.

அந்த வீட்டில் இருக்க ஒரு தாள் வேண்டும். வீட்டு அனுமதிச் சீட்டு. அதில் வீட்டுத் தலைவராக ஓர் ஆணின் பெயர், கீழே மனைவி, பிள்ளைகள். சீட்டில் பெயர் இல்லாத தம்பி ஒரு வாரம் வந்து தங்கினாலும் குற்றம். உள்குடி வைத்தால் அதற்குத் தனி அனுமதி, தனிக் கட்டணம். கணவர் இறந்தால் மனைவியின் பெயருக்குச் சீட்டு தானாக மாறாது. வீட்டையே இழந்த விதவைகள் பலர். 1968-இல் வெளியான நகர்ப்புறக் குடியிருப்பு விதிகள், கண்காணிப்பாளர் என்ற ஓர் அலுவலருக்கு அந்தச் சீட்டை ரத்து செய்யும் அதிகாரத்தைக் கொடுத்தன. வாடகைப் பாக்கி அதற்கொரு காரணம். வீடு போனால் நகரத்தில் இருக்கும் உரிமையும் ஆட்டம் காணும். அந்த உரிமை போனால் வேலையும் போகும். நம் ஊரில் வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் அடுத்த தெருவில் வேறு வீடு தேடலாம். அங்கே அடுத்த தெருவும் அதே வீட்டுக்காரருடையது. போலீசும் அவருடையதே.

வாடகை என்று சொன்னாலும் அது வெறும் வாடகையாக இருந்ததில்லை. மனைக் கட்டணம், தண்ணீர், குப்பை, கழிவு, சாலை, நிர்வாகச் செலவு எல்லாம் ஒரே ரசீதில். ஒரு நகரம் தன் செலவுக்கு எங்கிருந்து பணம் எடுக்கும்? கடைகள், ஆலைகள், அலுவலகக் கட்டடங்கள் ஆகியவற்றின் சொத்துவரியிலிருந்து. சொவெட்டோக்காரர் உழைத்தது ஜோகன்னஸ்பர்க்கின் ஆலைகளில், சம்பளத்தைச் செலவழித்தது ஜோகன்னஸ்பர்க்கின் கடைகளில். அந்த ஆலைகளும் கடைகளும் கட்டிய வரி ஜோகன்னஸ்பர்க்கின் வெள்ளையர் பகுதிப் பூங்காக்களுக்கும் நூலகங்களுக்கும் போனது. சொவெட்டோவுக்குள் பெரிய கடை வைக்கவே நெடுங்காலம் தடை இருந்தது. ஆக அந்தக் குடியிருப்பு நிர்வாகத்தின் பேரேட்டில் வரவுப் பக்கத்தில் இரண்டு இனங்கள்தான் இருந்தன: வாடகை, பீர்.

பீர் கணக்குக்கு டர்பன் அடங்கிய நேட்டாலின் பழைய வரலாறு உண்டு. 1908-இல் அங்கே இயற்றப்பட்ட சட்டம், ஆப்பிரிக்கரின் பாரம்பரிய தானியப் பீரைக் காய்ச்சி விற்கும் ஏகபோக உரிமையை நகராட்சிக்கு வழங்கியது. டர்பன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. வீட்டில் காய்ச்சி விற்ற பெண்கள் குற்றவாளிகள் ஆனார்கள். அந்த லாபத்தில் கறுப்பினக் குடியிருப்புகளின் நிர்வாகம் நடந்தது. பிற நகரங்களும் இதைப் பின்பற்றின. தங்களை ஆளுகிற செலவைத் தாங்களே குடித்து அடைத்தார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

1970-களின் தொடக்கத்தில் குடியிருப்புகள் நகராட்சிகளிடமிருந்து பிரிக்கப்பட்டு நிர்வாக வாரியங்களிடம் ஒப்படைக்கப்பட்டன. ஜோகன்னஸ்பர்க் நகராட்சி அதுவரை கொடுத்துவந்த மானியமும் அத்தோடு போயிற்று. 1976 ஜூனில் சொவெட்டோ மாணவர்கள் எழுந்தபோது வாரியத்தின் பீர்க் கூடங்களையும் மதுக்கடைகளையும் தேடித்தேடி எரித்தார்கள். அந்தத் தீயில் வரவின் ஒரு கால் கருகியது. மிச்சமிருந்த ஒரே கால் வாடகை.

இந்த நிலையில்தான் 1982-இன் கறுப்பின உள்ளாட்சிச் சட்டம் வந்தது. கறுப்பினத்தவர் தங்கள் மன்றங்களைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம், ஆனால் அந்த மன்றங்கள் தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். 1983-இன் இறுதியில் நடந்த தேர்தலில் சொவெட்டோவில் வாக்களித்தவர்கள் 10.7 விழுக்காடு. இப்படி வந்த உறுப்பினர்கள் பதவியேற்றுக் கருவூலத்தைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. வாடகையை உயர்த்துவதைத் தவிர வேறு வழியில்லாத ஒரு மன்றத்தை அரசு கட்டி, அதில் கறுப்பு முகங்களை உட்கார வைத்தது. அந்த உறுப்பினர்கள் பலர் மதுக்கடை உரிமம், மனை ஒதுக்கீடு என்று கைநீட்டியவர்கள் என்பதும் உண்மை. ஆனால் அவர்கள் அத்தனை பேரும் உத்தமர்களாக இருந்திருந்தாலும் வாடகை உயர்ந்துதான் இருக்கும். இந்த இடத்தைத்தான் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஜோகன்னஸ்பர்க்கின் தெற்கே வால் ஆற்றங்கரையில் எஃகு ஆலைகள் சூழ்ந்த பகுதி இருக்கிறது. செபோகெங், ஷார்ப்வில், போய்பட்டோங், போஃபெலோங், இவாட்டன் என்று குடியிருப்புகள். 1960-இல் 69 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட அதே ஷார்ப்வில்தான். 1984 ஆகஸ்டில் அப்பகுதியின் லெகோவா மன்றம் வாடகையை மாதத்துக்கு 5 ராண்ட் 90 சென்ட் உயர்த்துவதாக அறிவித்தது.

ஆறு ராண்டுக்கும் குறைவு. இதற்கா இத்தனை என்று அன்றே கேட்டவர்கள் உண்டு. ஆனால் 1970-களின் பிற்பாதியிலிருந்து அங்கே வாடகை ஏறிக்கொண்டே இருந்தது. நாட்டிலேயே மிக உயர்ந்த குடியிருப்பு வாடகைகளில் ஒன்றாக அது ஆகியிருந்தது. அந்த ஆண்டு பொருளாதாரம் சரிந்து ஆலைகளில் ஆட்குறைப்பு. ஜூலையில் பொது விற்பனை வரி 10 விழுக்காடாக உயர்ந்திருந்தது. வரி உயர்ந்தால் கடையில் ஒரு சாமானைக் குறைத்து வாங்கலாம். வாடகையில் பாதி மட்டும் கட்ட முடியாது.

செப்டம்பர் 3-ஆம் நாள் திங்கட்கிழமை யாரும் வேலைக்குப் போகக் கூடாது, ஊர்வலமாக நிர்வாக அலுவலகத்துக்குப் போய் முறையிட வேண்டும் என்று முடிவாயிற்று. கூட்டங்கள் நடந்தது பெரும்பாலும் தேவாலயங்களில். வேறு மண்டபம் கிடையாது, மன்றத்தின் மண்டபங்களுக்கு அனுமதி கிடைக்காது. அதே செப்டம்பர் 3 அன்றுதான் நாட்டின் புதிய அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வெள்ளையருக்கு ஓர் அவை, கலப்பினத்தவருக்கு ஓர் அவை, இந்தியருக்கு ஓர் அவை. கறுப்பினத்தவருக்கு எதுவும் இல்லை, லெகோவா போன்ற மன்றங்களே போதும் என்றது அந்தச் சட்டம்.

அன்று காலை ஊர்வலம் தொடங்கியதுமே போலீஸ் சுட்டது. மக்கள் மன்ற உறுப்பினர்களின் வீடுகளைத் தாக்கினர். லெகோவாவின் துணைமேயர் குஸ்வாயோ ஜேக்கப் டிலாமினி ஷார்ப்வில்லில் தன் வீட்டெதிரே கொல்லப்பட்டார். வேறு சில உறுப்பினர்களும் மாண்டார்கள். இதை எழுதும்போது கை தயங்குகிறது. வாடகைப் போராட்டத்தின் நியாயத்தில் எனக்கு ஐயமில்லை. ஒரு மனிதரை வீட்டு வாசலில் எரிப்பதில் நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒரே காலையில் ஒரே தெருவில் நடந்தன. டிலாமினியின் கொலைக்காக ஐந்து ஆண்களுக்கும் ஒரு பெண்ணுக்கும் 1985 டிசம்பரில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. கூட்டத்தில் இருந்தார்கள், கூட்டத்தின் நோக்கத்தைப் பகிர்ந்துகொண்டார்கள் என்பதே அவர்களில் பலர்மீது நிரூபிக்கப்பட்ட குற்றம். உலகெங்கும் எதிர்ப்பு எழுந்த பிறகு 1988-இல் தூக்கு நீங்கியது. அதே காலத்தில் டெல்மாஸ் ஊரில் நடந்த தேசத்துரோக வழக்கில் 22 பேர் நிறுத்தப்பட்டனர். வாடகைக்கு எதிராகக் கூட்டம் போட்ட வால் பகுதிக்காரர்கள் அவர்களில் கணிசமானோர். வாடகை கட்ட முடியாது என்று பேசியது, அரசைக் கவிழ்க்கும் சதியின் சான்றாக நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்டது. தண்டனைகள் 1989-இல் மேல்முறையீட்டில் ரத்தாயின.

அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு வால் பகுதி மக்கள் வாடகை அலுவலகத்தின் பக்கமே போகவில்லை. மாதக்கணக்கில் அல்ல, ஆண்டுக்கணக்கில்.

வாடகை கொடாப் போராட்டத்தின் வலிமை எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பார்க்கலாம். ஊர்வலத்துக்குத் தெரு வேண்டும், போலீஸ் தெருவை மறிக்கும். வேலைநிறுத்தத்தில் சம்பளம் போகும். வாடகை கொடாதிருப்பதற்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, மாதம் பிறந்ததும் வரிசையில் நிற்காமல் வீட்டில் இருந்தால் போதும். பட்டினி போடாமல் ஒரு பை சோள மாவை வீட்டுக்குள் கொண்டுவரும் போராட்டங்கள் உலகில் அரிது. இது அப்படிப்பட்டது. அதனால்தான் தலைவர்கள் அத்தனை பேரும் சிறையில் இருந்தபோதும் இது தொடர்ந்தது.

சொவெட்டோவில் 1986 ஜூன் முதல் வாடகை நின்றது. ஜூன் 12-இல் நாடெங்கும் நெருக்கடி நிலை பிரகடனமானது. தெருக் குழுக்கள் முளைத்தன. ஒரு தெருவுக்கு ஒரு குழு, அதில் பெரும்பாலும் வீட்டில் இருக்கும் பெண்கள், ஓய்வூதியம் வாங்குவோர். யார் வீட்டுக்கு நோட்டீஸ் வந்தது, யார் வீட்டில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது, யார் பயந்துபோய் இரகசியமாகக் கட்டினார் என்பதெல்லாம் குழுவுக்குத் தெரியும். கட்டியவர்களை இளைஞர்கள் மிரட்டியதும் நடந்தது. அரசு அதைப் பெரிதுபடுத்திப் பரப்பியது என்பதற்காக, அது நடக்கவேயில்லை என்று எழுதுவது நேர்மையாகாது. ஆனால் மிரட்டலால் மட்டும் ஒரு மாநகரம் முழுவதும் ஆண்டுக்கணக்கில் வாடகை கட்டாமல் இருக்காது. கட்ட வசதி இல்லாத வீடுகள் ஏராளமாக இருந்தன. கட்டினாலும் குப்பை அள்ளப்படவில்லை என்பது எல்லா வீடுகளுக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 26 இரவு வொயிட் சிட்டி ஜபாவு பகுதியில் வாடகைப் பாக்கிக்காரர்களை வெளியேற்ற வருகிறார்கள் என்று மக்கள் திரண்டார்கள். மன்றத்தின் போலீசும் அரசுப் படைகளும் சுட்டதில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஓர் அரசு தன் வாடகையை வசூலிக்கப் போன இடத்தில் இத்தனை உயிர்கள்.

அதற்குப் பிறகும் வசூல் ஆகவில்லை. அந்த ஆண்டின் பிற்பாதியில் 50-க்கும் மேற்பட்ட குடியிருப்புகளில் வாடகை நின்றிருந்தது. ஒரு வீட்டைக் காலி செய்து சாமான்களைத் தெருவில் எடுத்துவைத்தால், லாரி திரும்பியதும் அண்டை வீட்டார் அதே சாமான்களை உள்ளே தூக்கிவைத்தார்கள். கதவைக் கழற்றிக்கொண்டு போனால் வேறு கதவு வந்தது. எல்லாரையும் வெளியேற்றலாம் என்றால் அந்த வீடுகளில் யாரைக் குடிவைப்பது? தனியார் வீட்டுக்காரருக்குப் புதுக் குடித்தனக்காரர் கிடைப்பார். இனப்பிரிவினை அரசுக்கு அந்த வழி அதன் சட்டத்தாலேயே அடைபட்டிருந்தது. பிறகு சம்பளத்திலேயே வாடகையைப் பிடித்துக்கொடுங்கள் என்று அரசு முதலாளிகளை நெருக்கியது. தொழிற்சங்கங்களின் கோபத்தைத் தங்கள் ஆலைக்குள் இழுத்துக்கொள்ள முதலாளிகள் விரும்பவில்லை.

போராட்டத்தின் அறிவு முகம் 1988-க்குப் பிறகு தெளிவாகத் தெரிந்தது. அந்த ஆண்டின் இறுதியில் சொவெட்டோ மக்கள் தூதுக்குழு அமைந்தது. டெஸ்மண்ட் டுட்டு, ஆல்பர்டினா சிசுலு, ஃபிராங்க் சிகானே, சிரில் ரமபோசா ஆகியோர் அதில் இருந்தனர். அவர்கள் ‘வாடகையைக் குறை’ என்று மட்டும் கேட்டிருந்தால் பேரம் சில ராண்டுகளில் முடிந்திருக்கும். பிளானாக்ட் என்ற திட்டமிடல் குழு அவர்களுக்காகக் கணக்குகளை அலசி 1989-இல் அறிக்கை தந்தது. ஜோகன்னஸ்பர்க்கும் சொவெட்டோவும் ஒரே பொருளாதாரம், அப்படியானால் வரியும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்றது அதன் சாரம். பாக்கியைத் தள்ளுபடி செய், வீடுகளைக் குடியிருப்போருக்கே கொடு, வசதிகளைச் செய்து தா, கட்டக்கூடிய அளவில் கட்டணம் வை, ஒரே நகரம் ஒரே வரித்தளம். இவையே கோரிக்கைகள். வாடகை ரசீதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, அதற்குப் பின்னாலிருந்த நகரத்தின் வரைபடத்தையே கண்டுபிடித்தார்கள். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

1990 செப்டம்பர் 24-இல் சொவெட்டோ ஒப்பந்தம் கையெழுத்தானது. 516 மில்லியன் ராண்ட் பாக்கி தள்ளுபடி. பெருநகரின் எதிர்காலத்தைப் பேச ஒரு பொது மன்றமும் உருவானது. ‘ஒரே நகரம்’ என்ற கோரிக்கை அடுத்த பத்தாண்டுக்குள் நாட்டின் உள்ளாட்சி அமைப்பாகவே ஆயிற்று. அரசு வீடுகளில் பெரும்பகுதி குடியிருந்தவர்களுக்கே சொந்தமாக்கப்பட்டது.

1995 பிப்ரவரியில், அதிபராகியிருந்த மண்டேலா மசகானே இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். ஒருவரையொருவர் கட்டியெழுப்புவோம் என்று பொருள். புறக்கணிப்பு முடிந்தது, இப்போது ஆட்சி உங்களுடையது, ஆகவே கட்டணத்தைக் கட்டுங்கள் என்பது வேண்டுகோள். அவர் கேட்டதில் தவறில்லை. ஆனால் அதைச் சுற்றி ஒரு பேச்சு வளர்ந்தது: மக்களுக்குக் கட்டாமலே பழகிவிட்டது. இந்தப் பேச்சை எங்கே சோதித்துப் பார்க்கலாம்? எண்பதுகளின் பெரும் புறக்கணிப்பின் மையமாக இல்லாத ஓர் அரசு வாடகைக் குடியிருப்பு வேண்டும். அது டர்பனிலேயே இருக்கிறது. அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் நம் மூதாதையரின் பேரன் பேத்திகள்.

1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனில் கரை சேர்ந்தது. 1911 வரை ஏறத்தாழ 1,52,000 ஒப்பந்தக் கூலிகள் நேட்டாலுக்குப் போனார்கள், மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாக. ஒப்பந்தம் முடிந்த பலர் கேட்டோ மேனர் பகுதியில் காய்கறி பயிரிட்டார்கள். நகராட்சியில் தெருக் கூட்டவும் குப்பை அள்ளவும் போனவர்கள் கடற்கரைக்குப் பக்கத்தில் மேகசின் பாரக்ஸ் என்ற நகராட்சி லைன் வீடுகளில் இருந்தார்கள். தமிழும் தெலுங்கும் பேசிய ஆயிரக்கணக்கானோர். கோயில், பள்ளி, கால்பந்துக் குழு, தெருக்கூத்து எல்லாம் அந்த நெருக்கடிக்குள். 1950-இன் இனவாரிப் பகுதிச் சட்டம் இந்த இரண்டு இடங்களையும் கலைத்தது. 1960-களில் அவர்களைச் சாட்ஸ்வொர்த்துக்குக் கொண்டுபோனார்கள். நகரின் தெற்கே மேடு பள்ளமான நிலம். வெள்ளையர் பகுதிக்கும் கறுப்பினத்தவரின் உம்லாசிக்கும் நடுவில் ஒரு தடுப்பைப் போல அது அமைந்தது. அங்கே முன்பே தோட்டம் வைத்திருந்த இந்தியர்களின் நிலத்தைப் பிடுங்கித்தான் கட்டினார்கள். 11 பிரிவுகள், எண்களால் அழைக்கப்பட்டவை. வீட்டுக்காரர் டர்பன் நகராட்சி.

நாயுடு, பிள்ளை, கோவெண்டர் ஆகிவிட்ட கவுண்டர், மூட்லி ஆகிவிட்ட முதலி, படையாச்சி. நகராட்சியின் வாடகைப் பேரேடு இத்தகைய பெயர்களால் நிறைந்தது. மொழி தேய்ந்தது, பெயர் தேயவில்லை. 1980-இல் வாடகை உயர்வை எதிர்த்து டர்பன் வீட்டுவசதி நடவடிக்கைக் குழு உருவானபோது சாட்ஸ்வொர்த்தும் இன்னோர் இந்தியர் குடியிருப்பான ஃபீனிக்ஸும் அதன் முதுகெலும்பாக இருந்தன. வீடு வீடாகப் போய் ரசீதுகளைச் சேகரித்து, ஒரே மாதிரி வீட்டுக்கு வேறு வேறு வாடகை ஏன் என்று கேட்டுப் பழகியவர்கள் பின்னாளில் விடுதலைப் போராட்டத்தின் முன்வரிசைக்கு வந்தார்கள்.

மக்களாட்சி வந்தது. சுங்க வரித் தடுப்புகள் குறைக்கப்பட்டு வெளிநாட்டுத் துணிகள் இறங்கின. டர்பனின் ஆடைத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. சாட்ஸ்வொர்த்தின் பெண்கள் பள்ளி முடித்ததும் தையல் இயந்திரத்தின் முன் போய் உட்காருவது ஒரு தலைமுறையின் வழக்கம். அந்த வேலை போயிற்று. பேவியூ, வெஸ்ட்கிளிஃப் பகுதிகளின் அடுக்ககங்களில் இருந்தவர்கள்தான் ஏழைகளிலும் ஏழைகள். கூரை ஒழுகும், சுவர் பூஞ்சை பிடிக்கும். ஒரு மூதாட்டியின் ஓய்வூதியத்தில் ஏழெட்டுப் பேர் சாப்பிடுவார்கள். அந்த வீட்டுக்கு வாடகை, தண்ணீர், மின்சாரம், பாக்கியின் மேல் வட்டி.

1999 தேர்தலில் இந்தியர் வாக்குகளை ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசுக்குத் திரட்ட ஃபாத்திமா மீர் தலைமையில் ஒரு குழு சாட்ஸ்வொர்த் போனது. அவர் சமூகவியல் பேராசிரியர், மண்டேலாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர், அக்கட்சியின் நெடுநாள் தோழர். வாக்குக் கேட்டு ஏறிய படிக்கட்டுகளில் வெளியேற்றும் நோட்டீசுகளைக் கண்டார். அந்த முதியவர் தன் கட்சி ஆளும் நகராட்சியை எதிர்த்து நிற்பதென்று முடிவெடுத்தார். வாக்குத் திரட்ட வந்த குழு வெளியேற்றத்தைத் தடுக்கும் குழுவாக மாறியது.

2000 பிப்ரவரியில் நகராட்சி ஆட்களும் காவலர்களும் அடுக்ககங்களுக்கு வந்தபோது வாசலில் பெண்கள் அடைத்து நின்றார்கள். அங்கே எல்லாரும் அவர்களை ‘ஆன்ட்டி’ என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணீர்ப்புகை படிக்கட்டு முழுவதும் பரவியது. வெளியேற்றப்படவிருந்தவர்களில் அதே அடுக்ககங்களில் குடியிருந்த ஆப்பிரிக்கக் குடும்பங்களும் இருந்தன. அவர்களுக்காகவும் ஆன்ட்டிகள் நின்றார்கள். வசதியான இந்தியர்களின் ஆர்ப்பாட்டம் என்று இகழ்ந்த ஒரு நகராட்சி உறுப்பினரைப் பார்த்து, தாங்கள் இந்தியர் என்ற அடையாளத்தில் வரவில்லை, ஏழைகளாக வந்திருக்கிறோம் என்று ஒரு மூதாட்டி கத்தியதிலிருந்து அந்த மக்களுக்கு ‘ஏழைகள்’ என்ற புதுப் பெயர் வந்தது. அஷ்வின் தேசாய் 2002-இல் எழுதிய நூலுக்கும் அதுவே தலைப்பாயிற்று. இனத்தைச் சீட்டில் அச்சடித்து, இனவாரியாக வீடு ஒதுக்கி, இனவாரியாக வாடகை வாங்கிய ஒரு நாட்டில், வாடகைப் பாக்கி இரண்டு இனத்தவரை ஒரே படிக்கட்டில் நிறுத்தியது.

1984-இல் இல்லாத ஒன்று 2000-இல் இருந்தது. 1996-இன் அரசியல் சட்டம், 26-ஆம் பிரிவு: எல்லாச் சூழ்நிலைகளையும் கருத்தில் கொண்டு நீதிமன்றம் ஆணையிடாமல் யாரையும் வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது. கண்காணிப்பாளர் கையெழுத்தில் சீட்டு ரத்தாகும் காலம் முடிந்திருந்தது. ஆகவே வழக்கறிஞர்களும் படிக்கட்டு ஏறினார்கள். பல வெளியேற்றங்கள் நின்றன. நகராட்சி வேறு வழியைப் பிடித்தது. வீட்டை விட்டுப் போகச் சொல்ல நீதிமன்றம் வேண்டும், தண்ணீர்க் குழாயை அடைக்கப் பொறியாளர் ஒருவர் போதும். குழாயை அடைத்துவிட்டுப் போனால் தெருப்பையன்கள் ராத்திரியில் திறந்தார்கள். அடைத்தவர்களும் திறந்தவர்களுமாக மாதங்கள் ஓடின.

அப்படித் துண்டிக்கப்பட்ட ஓர் இணைப்பு நீதிமன்றம் வரை போனது. தென்னாப்பிரிக்கச் சட்ட மாணவர்கள் படிக்கும் மன்கெலே வழக்கு அது. சாட்ஸ்வொர்த்தில் குடியிருந்த, வேலை இல்லாத, ஏழு பிள்ளைகளோடு இருந்த ஓர் ஆப்பிரிக்கப் பெண் தொடுத்தது. 1997-இன் நீர்ச் சேவைச் சட்டம் எல்லாருக்கும் அடிப்படைத் தண்ணீர் உரிமை உண்டு என்கிறதே என்று கேட்டார். உண்மைதான், ஆனால் ‘அடிப்படை’ என்றால் எத்தனை லிட்டர் என்று அமைச்சர் இன்னும் விதி வகுக்கவில்லை, ஆகவே அந்த உரிமையை நீதிமன்றத்தால் நடைமுறைப்படுத்த முடியாது என்பது தீர்ப்பு. அடைத்த குழாயை அவர் அனுமதியின்றித் திறந்துகொண்டதும் அவருக்கு எதிராகவே எண்ணப்பட்டது. அளவை வகுக்கும் விதிகள் 2001 ஜூனில் வெளிவந்தன: ஆள் ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர், அல்லது வீடு ஒன்றுக்கு மாதம் 6,000 லிட்டர். தாயும் ஏழு பிள்ளைகளுமாக எட்டுப் பேர். ஆள் கணக்கில் அது நாளுக்கு 200 லிட்டர். சமையல், குளியல், கழிப்பறை, துணி எல்லாம் சேர்த்து.